தனியார் யுனிவர்சிட்டில டிகிரி: ராம்நாடு கடலோரத்துல இருந்து சேரப் போற பிள்ளைகளுக்கு முழு வழிகாட்டி

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டின்னு நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அப்ளிகேஷன் போட்டுக் கொடுக்கறதுல நான் பார்த்தது, முக்கால்வாசிப் பேர் தலைகீழா ஆரம்பிக்கறாங்க. முதல்ல யுனிவர்சிட்டி பேரு, அப்புறம் அங்க எந்த சீட்டு கிடைக்குதோ அந்த கோர்ஸ், அப்புறம் பணத்துக்கு ஓட்டம், எல்லாம் முடிஞ்சு மூணாவது வருஷத்துலதான் "இந்த டிகிரி அந்த வேலைக்கு செல்லுமா அண்ணே"ன்னு கேள்வி வரும். அதுக்குள்ள லட்சக்கணக்குல கட்டியிருப்பாங்க.

இத திருப்பிப் போடுங்க. என்ன வேலை, அதுக்கு என்ன அங்கீகாரம், எந்த கோர்ஸ், மொத்தம் எவ்வளவு, என்ன பேப்பர், கடைசிலதான் யுனிவர்சிட்டி பேரு. கீழ இருக்கற நம்பர் வரிசையும் அப்படித்தான் இருக்கு, நடுவுல தாண்டிப் போகாதீங்க.

1. டிகிரி எதுக்குன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

"நல்ல கோர்ஸா சொல்லுங்க"ன்னு கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது. எந்த வேலைக்குன்னு தெரிஞ்சாத்தான் எந்த டிகிரி நல்லதுன்னு சொல்லலாம். நம்ம பக்கத்துல பெரும்பாலும் அஞ்சு வழிதான்: அரசு பரீட்சை, வாத்தியார் வேலை, சபர் (வளைகுடா), கப்பல், ஐடி. ஒவ்வொண்ணுலயும் மாட்டிக்கற இடம் வேற வேற.

அரசு பரீட்சைன்னா முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது தமிழ்வழி இட ஒதுக்கீடு. தமிழ்வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீதம் தனியா இருக்கு. ஆனா 2020-ல சட்டத்த திருத்துனதுக்கப்புறம், டிகிரி கேட்கற வேலைக்கு ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து டிகிரி வரைக்கும் மொத்தமும் தமிழ்வழியில படிச்சிருந்தாத்தான் அது கிடைக்கும். பன்னிரண்டு வருஷம் அரசுப் பள்ளியில தமிழ்ல படிச்ச பிள்ளைய தனியார் யுனிவர்சிட்டில சேர்த்தா அங்க பாடம் இங்கிலீஷ்ல, அந்தச் சலுகை அதோட முடிஞ்சது. குரூப் 1, குரூப் 2-தான் கனவுன்னா இத வீட்டுல உட்கார்ந்து பேசாம அட்வான்ஸ் கட்டாதீங்க. இதைப் பத்தி எந்த கல்விக் கண்காட்சி ஸ்டால்லயும் சொல்லி நான் கேட்டதில்ல.

ரெண்டாவது, டிகிரியோட பேரு. குரூப் 2 மாதிரி "ஏதாவது ஒரு டிகிரி" போதும்ங்கற பரீட்சைக்கு பிரச்சனை இல்ல. ஆனா குறிப்பிட்ட பாடம் கேட்கற வேலைக்கு, உங்க டிகிரி பேரு அந்தப் பாடத்தோட ஒத்துப்போகணும், இல்லேன்னா இணையானதுன்னு அரசாணை இருக்கணும். தனியார் யுனிவர்சிட்டிக்காரங்க புதுசு புதுசா பேரு வைப்பாங்க, இதோட அது, அதுல ஸ்பெஷலைசேஷன்னு. கேட்க நல்லாத்தான் இருக்கும், சர்டிபிகேட் சரிபார்க்கற மேசையில நிக்கும்போது அரசாணை நம்பர் கேட்பாங்க. அதனால அட்மிஷன் ஆபீஸ்ல "இந்த கோர்ஸுக்கு தமிழ்நாடு அரசோட இணைத்தன்மை அரசாணை இருக்கா, காப்பி கொடுங்க"ன்னு கேளுங்க. வாயால "இருக்கு"ன்னு சொன்னா அது கணக்குல சேராது.

வாத்தியார் வேலைன்னா, முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமா இருக்கணும், கூட பி.எட். வேணும். பி.எஸ்சி பயோடெக்னாலஜி முடிச்சுட்டு எம்.எஸ்சி விலங்கியல் சேர்ந்தா ரெண்டும் ஒரே பாடமான்னு கேள்வி வரும். காலேஜ் உதவிப் பேராசிரியர் ஆகணும்னா முதுநிலையில 55 சதவீதம், அப்புறம் நெட் அல்லது செட் தகுதித் தேர்வுல பாஸ்.

சபருக்குப் போறவங்க, குறிப்பா இன்ஜினியரிங் முடிச்சு குவைத் போற எண்ணம் இருந்தா, அந்த கோர்ஸுக்கு என்பிஏ (கோர்ஸ் வாரியா தரச்சான்று கொடுக்கற தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க. 2018-ல இருந்து அங்க இன்ஜினியர்னு விசா மாத்தறதுக்கு என்பிஏ இருக்கற இந்திய டிகிரியத்தான் ஏத்துக்கறாங்க, இது தெரியாம இன்ஜினியர் படிச்சுட்டு வேற பேர்ல வேலை பார்க்கறவங்க இருக்காங்க. காலேஜ் வெப்சைட்ல "என்பிஏ அங்கீகாரம்"னு மொட்டையா போட்டிருப்பாங்க. மெக்கானிக்கலுக்கு இருக்கும், நீங்க சேர்ற கோர்ஸுக்கு இருக்காது. எந்த டிபார்ட்மென்ட், எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைன்னு என்பிஏ சைட்லயே தேடுங்க.

கப்பலுக்குன்னா கதையே வேற, அத 3-ல சொல்றேன். ஐடிக்குப் போறவங்களுக்கு டிகிரி பேரு பெரிசா தடுக்காது, பிளேஸ்மென்ட்டும் கோடிங்கும்தான் அங்க விஷயம், அதனால அத இங்க நீட்டல.

2. யுனிவர்சிட்டிக்கும் கோர்ஸுக்கும் தனித்தனியா அங்கீகாரம் பாருங்க

நம்ம மாவட்டத்துல இருக்கற ஆர்ட்ஸ் காலேஜ் எல்லாம் காரைக்குடி அழகப்பா யுனிவர்சிட்டிக்குக் கீழ, இன்ஜினியரிங் காலேஜ் அண்ணா யுனிவர்சிட்டிக்குக் கீழ. தனியார் காலேஜா இருந்தாலும் டிகிரி கொடுக்கறது அரசு யுனிவர்சிட்டி. தனியார் யுனிவர்சிட்டி அப்படியில்ல, சிலபஸ், பரீட்சை, டிகிரி எல்லாமே அவங்களே. தமிழ்நாட்டுல இதுல பெரும்பாலானது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் 1956, 3-வது பிரிவுல வர்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பேச்சுல "டீம்டு". கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம், தஞ்சாவூர் சாஸ்த்ரா, வேலூர் விஐடி, காட்டாங்கொளத்தூர் எஸ்ஆர்எம், நம்ம கீழக்கரைக்காரர் பி.எஸ். அப்துர் ரஹ்மான் பேர்ல இருக்கற வண்டலூர் கிரசென்ட் எல்லாம் இந்த வகைதான்.

முதல் செக்: யுஜிசி சைட்ல நிகர்நிலை லிஸ்ட், மாநில தனியார் யுனிவர்சிட்டி லிஸ்ட் ரெண்டும் இருக்கு, போலி யுனிவர்சிட்டி லிஸ்ட்டும் தனியா இருக்கு. பேரு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒரே மாதிரி பேர்ல வேற வேற இருக்கும். நீங்க சேர்ற கேம்பஸ் எந்த ஊர்ல இருக்கு, அந்த ஊரு கேம்பஸுக்கும் அனுமதி இருக்கான்னும் பாருங்க.

ரெண்டாவது செக்கத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க. யுனிவர்சிட்டி சரியா இருந்தா கோர்ஸும் சரின்னு அர்த்தம் இல்ல. இன்ஜினியரிங், எம்பிஏ, எம்சிஏவுக்கு ஏஐசிடிஇ, அதாவது தொழில்நுட்பக் கல்விக் குழு (2024-25-ல இருந்து பிபிஏ, பிசிஏவும் இதுக்குள்ள வந்துருச்சு). சட்டத்துக்கு பார் கவுன்சில். பார்மசிக்கு பார்மசி கவுன்சில், நர்சிங்க்கு நர்சிங் கவுன்சில், பி.எட்.க்கு என்சிடிஇ (ஆசிரியர் கல்விக் குழு), ஆர்க்கிடெக்சருக்கு ஆர்க்கிடெக்சர் கவுன்சில். இதுல எது இல்லாட்டியும் கையில டிகிரி இருக்கும், ஆனா பதிவு பண்ண முடியாது. நர்சிங் முடிச்சுட்டு பதிவு இல்லேன்னா ஆஸ்பத்திரில வேலை பார்க்க முடியாது.

நாக் (காலேஜ், யுனிவர்சிட்டிக்கெல்லாம் தரம் பார்த்து மார்க்கு போடற தேசிய அமைப்பு) கிரேடு பத்தி ஒரு வார்த்தை. ஏ++ ன்னா 4-க்கு 3.51-க்கு மேல, ஏ+ ன்னா 3.26-க்கு மேல, அவ்வளவுதான். அது மொத்த நிறுவனத்துக்குக் கொடுத்த மார்க்கு, உங்க டிபார்ட்மென்ட்டுக்கு இல்ல, முடியற தேதியும் உண்டு. பேனர்ல இருக்கறத நம்பாம நாக் சைட்ல தேதி பாருங்க.

தபால், ஆன்லைன் டிகிரின்னா யுஜிசியோட தொலைதூரக் கல்வி பிரிவு அந்த வருஷத்துக்கு, அந்த கோர்ஸுக்கு அனுமதி கொடுத்திருக்கணும். மாணவர் பேர்ல டெப் ஐடின்னு ஒண்ணு நீங்களே எடுக்கணும். "நாங்களே எல்லாம் பார்த்துக்கறோம், நீங்க பரீட்சைக்குக்கூட வர வேணாம்"னு எந்த ஸ்டடி சென்டர் சொன்னாலும் எழுந்து வந்துருங்க.

3. இளநிலை: என்ன என்ன இருக்கு

பி.ஏ., பி.எஸ்சி, பி.காம், பிபிஏ, பிசிஏ எல்லாம் மூணு வருஷம். பி.டெக், பி.பார்ம், பி.எஸ்சி நர்சிங் நாலு. பி.ஆர்க் அஞ்சு. பிளஸ் டூ முடிச்சு நேரா சேர்ற பி.ஏ. எல்எல்பி, பிபிஏ எல்எல்பி அஞ்சு, ஏற்கெனவே டிகிரி இருந்தா எல்எல்பி மட்டும் மூணு.

இப்ப தனியார் யுனிவர்சிட்டி பல இடத்துல நாலு வருஷ ஹானர்ஸ்னு போட்டிருப்பாங்க. புது யுஜிசி கணக்குப்படி மூணு வருஷம் 120 கிரெடிட் (படிச்சு முடிச்ச பாடத்துக்குக் கிடைக்கற புள்ளி), நாலு வருஷம் 160. இதுல மூணு வருஷத்துல டிகிரி வாங்கிட்டு வெளிய வரலாமா, வந்தா சர்டிபிகேட்ல என்ன பேரு வரும்னு முதல்லயே கேளுங்க, ஏன்னா நாலாவது வருஷ ஃபீஸும் நீங்கதான் கட்டணும். பின்னாடி பிஎச்டி போற பிள்ளைக்கு நாலு வருஷம் லாபம், 75 சதவீதம் இருந்தா முதுநிலை இல்லாமலே பிஎச்டிக்கு அப்ளை பண்ணலாம், முதுநிலைக்கே போனாலும் ஒரு வருஷத்துல முடியற கோர்ஸ் உண்டு. சீக்கிரம் சம்பாதிக்கணும்ங்கற வீட்டுக்கு மூணு வருஷமே போதும்.

கடல் சம்பந்தமா படிக்கணும்னு நம்ம பிள்ளைக கேட்கறது ஜாஸ்தி. அவசரப்பட்டு தனியாருக்கு ஓடாதீங்க. மீன்வளப் படிப்பு பி.எப்.எஸ்சிக்கு நாகப்பட்டினத்துல அரசு மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கு. முதுநிலையில கடலியல் படிக்க அழகப்பாவோட தொண்டி கேம்பஸ் இருக்கு, கடல் உயிரியலுக்கு அண்ணாமலையோட பரங்கிப்பேட்டை இருக்கு. மண்டபத்துலயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, புராஜெக்ட் பண்ண வெளிமாநிலத்துல இருந்தெல்லாம் பிள்ளைக வருது. இதெல்லாம் கிடைக்கலேன்னாத்தான் தனியார்ல இதே பாடத்துக்கு லட்சக்கணக்குல கட்டறதப் பத்தி யோசிக்கணும்.

கப்பல்: மரைன் இன்ஜினியரிங் பி.டெக், நாட்டிகல் சயின்ஸ் பி.எஸ்சி ரெண்டுக்கும் தனியார்ல சேர்ந்தாலும் ஐஎம்யு சிஇடி (இந்திய கடல்சார் பல்கலைக்கழகத்தோட நுழைவுத் தேர்வு) எழுதியே ஆகணும், அந்த நிறுவனத்துக்கு டிஜி ஷிப்பிங் (மத்திய அரசோட கப்பல் துறை இயக்ககம்) அனுமதியும் இருக்கணும். பிளஸ் டூவுல இயற்பியல், வேதியியல், கணிதம் மூணும் சேர்த்து 60 சதவீதம், பத்தாவதுலயோ பன்னிரண்டுலயோ இங்கிலீஷ்ல 50. நிறக்குருடு இருந்தா எடுக்க மாட்டாங்க. அதனால ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடியே டிஜி ஷிப்பிங் அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட கண்ண காட்டிருங்க, நம்ம ஊர் கண்ணாடிக் கடையில பார்க்கறது பத்தாது. அப்பா, தாத்தா காலத்துல இருந்து கடல்ல போற வீடு, பையனுக்கு கண்ணுல என்ன குறைன்னு நினைப்பாங்க, அட்மிஷன் முடிஞ்சு மெடிக்கல்ல போனதுக்கு அப்புறம்தான் தெரியும். "டிஜி அனுமதி வந்துக்கிட்டே இருக்கு"ன்னு சொல்ற இடத்துல ஒரு ரூபாய்கூட கட்டாதீங்க.

4. முதுநிலையையும் இப்பவே யோசிங்க

எம்.ஏ., எம்.எஸ்சி, எம்.காம், எம்பிஏ, எம்சிஏ, எம்.டெக் எல்லாம் ரெண்டு வருஷம். எம்சிஏ முன்னாடி மூணா இருந்துச்சு, இப்ப ரெண்டுதான். எம்.ஃபில் 2022-ல யுஜிசி நிப்பாட்டிருச்சு, இன்னமும் யாராவது எம்.ஃபில்னு விளம்பரம் போட்டா அந்த இடத்தையே சந்தேகப்படுங்க.

என் அபிப்பிராயம், கையில பணம் கம்மியா இருந்தா இளநிலைய இங்கயே படிச்சுட்டு முதுநிலைக்கு மட்டும் நல்ல தனியாருக்குப் போங்க. ராமேஸ்வரம் அரசு கலைக் கல்லூரி, ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரில எல்லாம் ஃபீஸ் ரொம்பக் கம்மி. வேலைக்கு எடுக்கறவங்க கடைசி டிகிரி எங்க வாங்குனீங்கன்னுதான் அதிகமா பார்ப்பாங்க. தனியார்ல கட்டற செலவும் ரெண்டு வருஷத்துக்கு மட்டும்தான். எம்.டெக்குக்கு கேட் (எம்.டெக் நுழைவுத் தேர்வு) ஸ்கோர் இருந்தா உதவித்தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு, அதனால மூணாவது வருஷத்துலயே கேட்டுக்கு படிக்க ஆரம்பிக்கணும்.

அஞ்சு வருஷ ஒருங்கிணைந்த எம்.எஸ்சி சேர்றவங்க ஒண்ணு கேட்டுக்கங்க. நடுவுல மூணு வருஷத்துல பி.எஸ்சி வாங்கிட்டு வெளிய வர வழி இருக்கான்னு. சில இடத்துல இல்ல. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாம போய் பிள்ளை நாலாவது வருஷத்துல நின்னா கையில பிளஸ் டூ மட்டும்தான் இருக்கும்.

5. மொத்தச் செலவு, அதுவும் தடைக்காலத்த வச்சு

நம்ம கரைக்கு மட்டும் உள்ள சிக்கல் இது. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கரையிலதான் நிக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வர்றது மே மாசம். தனியார் யுனிவர்சிட்டி அட்வான்ஸ் கேட்கறது மே, ஜூன். வீட்டுல வரும்படி நிக்கிற நேரமும் பெரிய தொகை கேட்கற நேரமும் ஒண்ணா வந்து விழும். அப்பத்தான் நகை பேங்குக்குப் போகுது, சம்மாட்டிகிட்ட (படகு முதலாளி) அட்வான்ஸ் வாங்கறாங்க, மீட்டர் வட்டிக்குப் போறாங்க. அதனால பிளஸ் டூ படிக்கற வருஷம் நல்ல பாடு (மீன்) கிடைக்கற மாசத்துல, ஆகஸ்ட்ல இருந்தே, முதல் தவணைய தனியா எடுத்து வைங்க. நாட்டுப்படகுக்காரங்களுக்கும் பாசி எடுக்கப் போற வீட்டுக்கும் வரும்படி வர்ற மாசம் வேற, கணக்கு இதே கணக்குதான்.

அடுத்து மொத்தக் கணக்கு. நோட்டீஸ்ல "வருஷத்துக்கு 1,20,000"ன்னு பெரிசா போட்டிருக்கும், வீட்டுல நாலால பெருக்கி 4,80,000-னு மனசுல வச்சுக்குவாங்க. அது டியூஷன் ஃபீஸ் மட்டும். உதாரணத்துக்கு ஹாஸ்டலும் மெஸ்ஸும் 90,000, பரீட்சை, லேப், புத்தகம் 15,000, ஊருக்கு வந்து போறது 15,000, இதெல்லாம் வருஷா வருஷம். சேர்றப்ப ஒரு தடவை கட்டற அட்மிஷன், காஷன் டெபாசிட் 25,000. கூட்டிப் பாருங்க, 9,85,000 வருது. டியூஷன் ஃபீஸ் வருஷா வருஷம் ஏறுமான்னு வேற கேட்கணும், எழுத்துல.

எழுத்துலன்னு ஏன் சொல்றேன்னா, ஃபீஸ் சீட்டுல சின்ன எழுத்துல நாலஞ்சு வரி இருக்கும்: ஸ்கில் டெவலப்மென்ட், பிளேஸ்மென்ட் டிரெயினிங், லேப்டாப், யூனிஃபார்ம், இன்சூரன்ஸ். இதுல எது ஒரு தடவை, எது ஒவ்வொரு வருஷமும், எது வேணாம்னு சொல்லலாம்னு ஒவ்வொரு வரிக்கு நேரா பேனாவால எழுதி வாங்குங்க. மெஸ் ஃபீஸ் பத்து மாசத்துக்கா பன்னிரண்டு மாசத்துக்கான்னும் கேளுங்க.

இப்ப சலுகை. அரசுப் பள்ளியில ஆறுல இருந்து பன்னிரண்டு வரை படிச்சிருந்தா இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, அதுல சீட்டு கிடைச்சா ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசு கட்டும். முதல் பட்டதாரி சலுகையும் இருக்கு. ஆனா ரெண்டுமே அரசு கவுன்சலிங்ல சீட்டு எடுத்தாத்தான். நிகர்நிலையில நேரா சேர்ந்தா இது எதுவும் வராது. அரசுப் பள்ளிப் பிள்ளை இத விட்டுட்டு தனியார் யுனிவர்சிட்டில பணம் கட்டறதப் பார்க்கும்போதுதான் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் மாசம் 1,000 ரூபாய், காலேஜ் மூலமாத்தான் பதியணும், நீங்க சேர்ற யுனிவர்சிட்டி அந்தப் போர்ட்டல்ல இருக்கான்னு கேளுங்க. மீனவர் நல வாரியத்துல அப்பா, அம்மா உறுப்பினரா இருந்தா கல்வி உதவி கேட்கலாம், கார்டு புதுப்பிச்சிருக்கான்னு முதல்ல பாருங்க. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வருமான வரம்பு 2.5 லட்சம், ஆனா மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேர்ந்தா கிடைக்காது, "ஸ்காலர்ஷிப் வந்துரும், நீங்க முதல்ல கட்டுங்க"ன்னு சொல்றவங்கள நம்பி கட்டாதீங்க.

கடன்: 4 லட்சம் வரைக்கும் ஈடும் ஜாமீனும் கேட்கறதில்ல, 7.5 லட்சம் வரைக்கும் சொத்து ஈடு இல்லாம கொடுக்க வழி இருக்கு. 2024-ல வந்த பிஎம் வித்யாலட்சுமியில மத்திய அரசோட என்ஐஆர்எஃப் தரவரிசையை வச்சு எடுத்த குறிப்பிட்ட நிறுவனங்களுக்கு ஜாமீன் இல்லாம கடன் உண்டு, குடும்ப வருமானம் 8 லட்சம் வரைக்கும் உள்ளவங்களுக்கு 10 லட்சம் கடன் வரை வட்டியில 3 சதவீதம் குறையும். உங்க யுனிவர்சிட்டி அந்த லிஸ்ட்ல இருக்கான்னு அட்மிஷனுக்கு முன்னாடி பாருங்க. கூட கையெழுத்து போடறது அப்பாதான், அவரோட பழைய படகு லோன், நகைக்கடன் பாக்கி எல்லாம் சிபில் (கடன் வரலாறு) ரிப்போர்ட்ல தெரியும், ஜனவரியிலயே எடுத்துப் பார்த்துக்கங்க.

7.5 லட்சம் கடன், 10 சதவீதம் வட்டி, 10 வருஷம்னா மாசம் கிட்டத்தட்ட 9,900 ரூபாய் வரும். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தவணை ஆரம்பிக்கும், ஆனா வட்டி பணம் கைமாறின நாள்ல இருந்தே ஓடும், அதுவும் மேல சேரும். அந்த கோர்ஸ் முடிச்சவங்களுக்கு முதல் சம்பளம் எவ்வளவுன்னு விசாரிச்சு பக்கத்துல வச்சுப் பாருங்க.

6. பேப்பர் எல்லாம் ஜனவரிக்குள்ள

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடம், முதல் பட்டதாரி எல்லாம் இ-சேவையில போடலாம். மே மாசம் போட்டா ஊரே வரிசையில நிக்கும், விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு மூணு இடம் தாண்டி வரணும். வருமானச் சான்றிதழ் ஒரு வருஷம்தான் செல்லும், அதனால ரொம்ப முன்னாடியும் எடுக்காதீங்க.

எல்லாரும் மாட்டறது பேர்ல. ஆதார்ல இனிஷியல் பின்னாடி, பத்தாவது மார்க் ஷீட்ல முன்னாடி, பேங்க் பாஸ்புக்ல அப்பா பேரு முழுசா. அந்தோணி ஒரு இடத்துல ஓ-வோட, இன்னொரு இடத்துல ஓ இல்லாம. முகமது நாலு விதமா. பத்தாவது மார்க் ஷீட்ட மூலமா வச்சு மத்த எல்லாத்தையும் அதுக்கு ஒத்து மாத்துங்க, ஏன்னா டிகிரி சர்டிபிகேட்ல வரப்போறது அந்தப் பேருதான். சபர் போற பிள்ளைக்கு பாஸ்போர்ட்டும் அதே மாதிரி இருக்கணும், பின்னாடி டிகிரிய வெளியுறவுத் துறை, தூதரகம்னு அட்டெஸ்ட் பண்றப்ப ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க.

7. அப்ளிகேஷன், என்ட்ரன்ஸ்

தனியார்ல மூணுக்கு மேல போடாதீங்க, ஒவ்வொண்ணுக்கும் ஃபீஸ் தனி. விஐடிக்கு விஐடிஇஇஇ, எஸ்ஆர்எம்முக்கு எஸ்ஆர்எம்ஜேஇஇஇன்னு அவங்கவங்க பரீட்சை, சாஸ்த்ரா பிளஸ் டூ மார்க்கும் ஜேஇஇயும் பார்க்கும். ராங்க் வச்சு ஃபீஸ் மாறற இடம் உண்டு, அதனால சும்மா எழுதிட்டு வந்துருவோம்னு போகாதீங்க, ராங்க் பின்னாடி போனா அதே சீட்டுக்கு கூடுதலா கட்டணும்.

கூடவே அரசு கவுன்சலிங்குக்கு கண்டிப்பா போடுங்க. இதுல ஒரு விளையாட்டு இருக்கு: தனியார் "இந்த வாரத்துக்குள்ள கட்டலேன்னா சீட்டு போயிரும்"னு மே மாசம் நெருக்குவாங்க, இன்ஜினியரிங் கவுன்சலிங் நடக்கறது ஜூலையில இருந்து. அரசு சீட்டு தெரியறதுக்கு முன்னாடி உங்கள பூட்டி வைக்கத்தான் அந்த அவசரம்.

கன்சல்டன்சி, ஏஜென்ட்னு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போர்டு வச்சு உட்கார்ந்திருக்கறவங்களுக்கு யுனிவர்சிட்டி கமிஷன் கொடுக்கும், எது கமிஷன் அதிகமோ அதத்தான் சொல்லுவாங்க. தகவல் கேட்டுக்கங்க, ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் பணத்தையும் அவங்க கையில கொடுக்காதீங்க.

8. நேர்ல போய் பாருங்க, சனி ஞாயிறு வேணாம்

வேலை நாள்ல போங்க. அட்மிஷன் ஆபீஸ் ஏசி ரூம்ல உட்கார்ந்து காபி குடிச்சுட்டு வந்துட்டா ஒண்ணும் தெரியாது. உங்க டிபார்ட்மென்ட் எங்க இருக்குன்னு கேட்டு நடந்து போங்க, லேப் திறந்திருக்கா, உள்ள பிள்ளைக இருக்காங்களா பாருங்க. மெஸ்ல காசு கொடுத்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடுங்க.

ரெண்டாவது, மூணாவது வருஷப் பிள்ளைககிட்ட தனியா கேளுங்க: அரியர் வச்சா எவ்வளவு கட்டணும், வருகைப்பதிவு குறைஞ்சா என்ன ஃபைன், பிளேஸ்மென்ட்ல உங்க டிபார்ட்மென்ட்ல எத்தனை பேர் போனாங்க. ஹால்ல தொங்கற போட்டோவுல இருக்கற அதிகபட்ச சம்பளத்த விடுங்க, நடுவுல நிக்கிற பிள்ளைக்கு என்ன கிடைச்சுதுன்னு கேளுங்க. நம்ம ஊர்ப் பிள்ளை யாராவது அங்க இருந்தா இன்னும் நல்லது, மறைக்காம சொல்லும்.

9. பணம் கட்டறப்ப

யுனிவர்சிட்டி அக்கவுண்ட்டுக்கு மட்டும் கட்டுங்க, டிடியாவோ ஆன்லைன்லயோ. ரொக்கமா "டொனேஷன்" கேட்டா அதுக்கு ரசீது வராது, ரசீது இல்லாத பணத்த பேங்க் கடன்லயும் காட்ட முடியாது, திருப்பியும் கேட்க முடியாது.

வேற நல்ல சீட்டு கிடைச்சு விலகினா பணம் திரும்ப வரும், நிறைய பேருக்கு இது தெரியாம கட்டுனது கட்டுனதுதான்னு இருந்துடறாங்க. யுஜிசி 2018 விதிப்படி, அட்மிஷனுக்கு அறிவிச்ச கடைசித் தேதிக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ முன்னாடி விலகினா முழுசா (அதுல அலுவலகச் செலவுன்னு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 பிடிக்கலாம்), 15 நாளுக்குள்ளன்னா 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள்ள 80, ஒரு மாசத்துக்குள்ள 50, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. 2024-25-க்கு இத விட நல்லா செப்டம்பர் 30 வரைக்கும் முழுப் பணமும் கொடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க. நீங்க சேர்ற வருஷத்துக்கு என்ன தேதின்னு யுஜிசி அறிவிப்பப் பாருங்க. விலகற லெட்டர மெயில்லயும் அனுப்புங்க, தேதிதான் இங்க எல்லாமே.

ஒரிஜினல் சர்டிபிகேட்ட சரிபார்த்துட்டு கையில கொடுத்துடணும், வாங்கி வச்சுக்க அவங்களுக்கு உரிமை இல்ல, அதே விதியில இருக்கு. "ஒரிஜினல் கொடுத்தாத்தான் சீட்டு"ன்னு சொன்னா அந்த விதியக் காட்டுங்க. கொடுக்கலேன்னா யுஜிசியோட இ-சமாதான் போர்ட்டல்ல புகார் போடலாம். டிசி மட்டும் கொடுத்துத்தான் ஆகணும், அதனால கொடுக்கறதுக்கு முன்னாடி அஞ்சாறு ஜெராக்ஸ் எடுத்து ஸ்கேனும் பண்ணி வைங்க.

10. சேர்ந்த முதல் மாசம்

கிரெடிட் பேங்க் ஐடி எடுத்து யுனிவர்சிட்டில இணைச்சிருங்க, நடுவுல வேற இடத்துக்கு மாறினா படிச்ச கிரெடிட்ட கொண்டு போக அதுதான் கணக்குப் புத்தகம். உதவித்தொகைப் போர்ட்டல் திறக்கற தேதிய ஸ்காலர்ஷிப் செக்‌ஷன்ல கேட்டு எழுதி வைங்க, அவங்களா வந்து சொல்ல மாட்டாங்க. பேங்க் அக்கவுண்ட் ஆதாரோட இணைஞ்சிருக்கணும், இல்லேன்னா பணம் வந்த இடத்துக்கே திரும்பிப் போயிரும்.

கல்விக்கடன் வாங்கினவங்களுக்கு ரெண்டாவது வருஷப் பணம் தானா வராது. ஒவ்வொரு வருஷமும் போன செமஸ்டர் மார்க்கு, அடுத்த வருஷ ஃபீஸ் டிமாண்ட் லெட்டர் ரெண்டையும் பேங்க்ல கொடுக்கணும். அந்த லெட்டர மார்ச் மாசமே கேட்டு வாங்கி கிளையில கொடுத்து, கொடுத்ததுக்கு சீல் போட்ட நகல் வாங்கிக்கங்க. ஜூன்ல கொடுத்தா பேங்க் அனுப்பறதுக்குள்ள கடைசித் தேதி தாண்டிரும், ஃபைன் நாள் கணக்குல ஏறும், அந்த ஃபைன பேங்க் கட்டாது.